அழுவாச்சி செய்த ஜன்னல்கள்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் யார் புதுவீடு கட்டினாலும், அதில் துக்கத்தைக் குடிவைக்கத் துடித்த ஒரே மனிதர் எங்கள் தெரு அழுவாச்சிதான். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துவிட்டது. வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டையால் இணைத்து ஜன்னல் செய்வது தொழில். புதுச்சேரியில் சர்ச் ஜன்னல்களைப் பழுதுபார்த்துக் கற்றவர், ராசிபுரம் வந்து பட்டறை போட்டார். ஜனங்கள் தாமரை கேட்டார்கள். அவரோ விசைத்தறி ஓட்டி இடுப்பொடிந்த ஒரு பெண்ணின் உருவத்தைச் செய்து கொடுத்தார்.

கேட்டால், சர்ச் கண்ணாடியில் துன்பப்படுகிறவர்களுக்குத் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமாவது இருக்கிறது, நம்மாட்களுக்கு என்ன இருக்கிறது என்பார்.

ஒரு கல்யாண மண்டபக்காரர் மணமக்கள் உருவம் கேட்டார். கண்ணாடியில் வந்து சேர்ந்தது பெண்ணின் அப்பா. பந்தி வாசலில், சாப்பாடு பத்துமா என்ற கலக்கத்தோடு நின்றார். மண்டபக்காரர் பிளாஸ்டிக் பூச்சரத்தால் அதை மூடினார். பெண்ணைப் பெற்றவர்கள் மட்டும் பூவை விலக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

எனக்குச் சிறுநீரகக் கல் வந்து வாசலில் சுருண்டு கிடந்தபோது, ஆட்டோவுக்கு முன்னால் பென்சிலும் காகிதமுமாக அவர்தான் வந்தார்.

"செத்த இந்தப் பக்கம் திரும்புங்க சாமி, வெளிச்சம் பத்தல."

என் மனைவி திட்டிய திட்டில் தெருவே வெளியே வந்தது. ஆனால் என்னைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்ததும், ஆஸ்பத்திரியில் வலி அடங்கும்வரை முதுகைப் பிடித்துவிட்டதும் அவரேதான். நடுநடுவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டார் என்பதும் உண்மை.

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருந்த ஒருவர் பூஜை அறைக்கு மயில் கேட்டிருந்தார். அவருடைய ஒரே மகன் வடக்கே வேலைக்குப் போன இடத்தில் வண்டி கவிழ்ந்து இறந்திருந்தான். அந்த வீட்டில் யாரும் அவன் பேச்சை எடுப்பதில்லை. கண்ணாடியை வேனில் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அழுவாச்சி என்னையும் அழைத்துப் போனார்.

துணியை விலக்கினால் மயில் இல்லை. இரும்புக் கேட்டைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்திருக்கும் ஒரு பெண். அவர் அளவெடுக்கப் போன நாளில் பையனின் அம்மா நின்ற நிலை அது.

வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. மயில் கேட்டால் இதையா கொண்டுவருவது, உடனே எடுத்துப் போங்கள் என்றார். நான் கண்ணாடியைத் தூக்கத் தயாரானேன். அந்த அம்மாள் பக்கத்தில் வந்து, கண்ணாடியில் இருந்த முகத்தை விரலால் தொட்டார்.

"கண்ணுல தண்ணி வெக்கலீங்களே?"

"நீங்க யாரு முன்னாலயும் அழுவலீங்களே, அம்மிணி."

அந்த அம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, மகன் பேரைச் சொல்லி அழுதார். சிறிது நேரம் விறைப்பாக நின்ற கணவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அவரே எழுந்து ஜன்னலைப் பொருத்தச் சொன்னார்.

திரும்பும் வழியில், ஏன் மயில் செய்யவில்லை என்று கேட்டேன்.

"செஞ்சு பாத்தனுங்க. கோழியாட்டம் வந்துச்சு."

இப்போது மேட்டூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அவ்வப்போது போன் செய்வார். எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்கிறேன். அவரிடம் மட்டும் எங்கே வலிக்கிறது என்று சொல்கிறேன்.