சுவருக்குள் ஏழு வைரம்

கம்ப்யூட்டர் திரையில் வேய்ன் சுடோல் பன்னிரண்டாவது வைரத்தையும் நேர்கோட்டில் போய்த் தோண்டி எடுத்தபோது, லைல் ஃபூர்னியே பாதி தின்ற சாண்ட்விச்சைக் கீழே வைத்தார்.

நேர்கோடு என்றால் நூல் பிடித்த நேர்கோடு. இடது பக்கம் நாற்பது பிளாக், அங்கே ஒரு வைரம். வலது பக்கம் திரும்பி இருபத்தாறு பிளாக், அங்கே இன்னொன்று. வழியில் ஒரு கல்கூட வீணாக உடையவில்லை. பாறைக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாதவன் இப்படித் தோண்ட மாட்டான். சொந்த வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பால் எடுக்கப் போகிறவன்தான் இப்படி நடப்பான்.

"செவுத்துக்குள்ள பாக்கிறான் இவன்," என்றார் லைல், ஐஸ் வண்டியிடம். அறையில் வேறு யாரும் இல்லை.

எங்கள் டன்மோர் ஃபால்ஸ் ஐஸ் அரங்கத்தில் ஐஸைச் சமப்படுத்தும் வண்டியை ஓட்டுகிறவர் லைல். வேலை அதோடு நிற்பதில்லை. ஸ்கேட் தீட்டுவது, ஒழுகுகிற குழாயை அடைப்பது, கேன்டீன் டிவியில் யாருக்கு எந்த நேரம் ஐஸ் என்ற அட்டவணையை ஓடவிடுவது, ஹீட்டர் மக்கர் செய்தால் இரண்டு உதை விடுவது எல்லாம் அவர் தலையில்தான். இந்தக் குளிர்காலத்தில் ஊரே சேர்ந்து ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டின் சர்வரையும் அதே தலையில் கட்டினார்கள். வண்டி நிற்கும் அறையின் மூலையில், வாளிக்கும் பனிவாரிக்கும் நடுவே இருந்த ஒரே கம்ப்யூட்டர்தான் அட்டவணைக்கும் சர்வருக்கும்.

விளையாட்டு என்றதும் சின்னப் பிள்ளை விவகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். பிளாக் பிளாக்காகப் பூமியைத் தோண்டி, வீடு கட்டி, கோட்டை கட்டி, நவம்பர் வந்தால் எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் அதற்குள்தான் குடியிருப்பார்கள். வெளியே மைனஸ் முப்பதில் வேறென்ன செய்வது? ஆனால் இந்த வருடம் அதில் பந்தயம் இருந்தது. பந்தயப் பொருள் சனிக்கிழமை மாலை ஏழு மணி ஐஸ்.

எங்கள் ஊரில் ஒருவனுடைய டிரக்கை எடுத்துக்கொண்டு போனால்கூட மன்னிப்பார்கள். ஐஸ் நேரத்தை எடுத்தால் மன்னிக்க மாட்டார்கள். சனிக்கிழமை ஏழு மணியைப் பத்தொன்பது வருடமாக வைத்திருப்பது நாற்பது வயது தாண்டிய ஆண்களின் ஹாக்கி அணி. அதற்கு வேய்ன் கேப்டன். பெண்கள் அணிக்கு ஒதுக்கியது ஞாயிறு காலை ஆறு மணி. அந்த நேரத்தில் கேன்டீன் ஷட்டர்கூடத் திறந்திருக்காது. ஒரு வாய் காபி இல்லாமல், இருட்டில் வந்து, இருட்டிலேயே ஆடி முடித்துப் போவார்கள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் நகர சபையில் இதற்காகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசியில் மேயரம்மா ஒரு வழி சொன்னார். அணிக்கு ஒன்பது பேர். மார்ச் கடைசி வெள்ளி நாலு மணிவரை யார் அதிக வைரம் தோண்டுகிறார்களோ, அவர்களுக்குப் பத்து வருடத்துக்குச் சனிக்கிழமை. கள்ளத்தனம் செய்தவருக்கு ஆட்டமும் இல்லை, அவர் தோண்டிய வைரமும் கணக்கில் இல்லை. காவலுக்கு லைல்.

பெண்கள் அணிக்குக் கேப்டன் கொலீன் ஃபூர்னியே, லைலின் மனைவி. இதைக் கேட்டு ஊரே சிரித்தது. லைல் சிரிக்கவில்லை.

"வேய்ன் திருடறான்," என்றார் அன்று சாப்பிடும்போது.

"தெரியும்," என்றார் கொலீன். பக்கத்தில் நோட்டுப் புத்தகம் திறந்திருந்தது. இரண்டு வரிசை விட்டு ஒரு வரிசை, வடக்கிலிருந்து தெற்கே, தோண்டி முடித்ததற்கெல்லாம் டிக் போடுவது அவர் வழக்கம். தபாலாபீஸ்காரி, வீடு விடாமல் போகிறவர். "சாட்சி இருக்கா?"

"இல்ல."

"அப்ப வாயத் தெறக்காத. நீ எம் புருஷன். நீ பேசினா நான் சொல்லிக்குடுத்ததா ஆயிடும். முடிஞ்சா பூட்டைப் போடு."

லைல் பூட்டைப் போட்டார். சுரங்கம் தோண்டி ஒரு பிளாக்கின் பக்கம் திறக்கும்வரை, அது வைரமா வெறுங்கல்லா என்பதைச் சர்வர் யாருடைய கம்ப்யூட்டருக்கும் சொல்லாது. சுவரைத் துளைத்துப் பார்க்கும் திருட்டு மென்பொருள் வைத்திருப்பவனுக்கும் பார்க்குமிடமெல்லாம் கல்தான் தெரியும். நல்ல ஏற்பாடு. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, லைல் காவலர் பார்வையைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் பூமிக்குள் சுற்றினார். காவலர் பார்வையில் சுவரெல்லாம் கண்ணாடி. வைரமெல்லாம் நீலமாக மினுங்கும். அது அந்த அறையில், அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் உண்டு. எல்லாம் கச்சிதமாக இருந்தது.

அன்று மாலைக்குள் ஆண்கள் அணி முப்பத்தொரு வைரம் எடுத்தது. அதுவரை இல்லாத சாதனை.

இந்தப் பக்கம் பூட்டின் கனம் தாங்காமல் சர்வர் திணறியது. பெண்கள் அணியின் கோல்கீப்பர் ஐவி, ஆட்டத்துக்குள் நெருப்புக் குழம்பின் ஓரத்தில் நிற்க வேண்டி விசையை விட்டாள். நாலு விநாடி கழித்துத்தான் நின்றாள். அதற்குள் மூன்று வாரத்து வைரத்தோடு உள்ளே போய்விட்டாள்.

"என்னாச்சுன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட கேளு," என்று கொலீனுக்கு ஃபோன் வந்தது.

கொலீன் கேட்டார். அந்தக் கேள்வியை இங்கே எழுத முடியாது.

லைல் பூட்டைக் கழற்றிவிட்டு அடுத்த வித்தையை எடுத்தார். ஒளிப்பதற்குப் பதிலாகப் பொய் சொல்வது. எல்லாச் சுவரிலும் ஆயிரக்கணக்கில் போலி வைரத்தைச் சர்வர் காட்டும். திருட்டுக் கண்ணுக்கு எது நிஜம், எது போலி என்று தெரியாமல் பைத்தியம் பிடிக்க வேண்டும். காவலர் பார்வைக்கு மட்டும் நிஜம் தெரியும். லைல் மூன்று மணி நேரம் உட்கார்ந்து நிஜத்தை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

பைத்தியம் பிடித்தது கொலீனுக்குத்தான். அவர் தோண்டத் தோண்டச் சுவரில் வைரம் மின்னும். அடுத்த நொடி கல்லாகிவிடும். "என் கண்ணு முன்னாடி காமிச்சுக் காமிச்சுப் பிடுங்கறியே, உனக்கே நல்லாருக்கா?" என்றார். வேய்ன் கூட்டம் நாற்பத்துநாலு எடுத்திருந்தது. ஒருவன்கூடப் போலியில் கை வைக்கவில்லை.

மறுநாள் லைல் நடைபாதையில் வேய்னை மறித்தார். வேய்ன் கையில் கிரேவி ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவல், கக்கத்தில் லேப்டாப். கேன்டீனில் இன்டர்நெட் நன்றாக வருகிறதென்று ஒன்பது பேரும் அங்கேதான் கிடையாகக் கிடந்தார்கள்.

"லேப்டாப்பக் காட்டுடா வேய்ன்."

"எதுக்குடா?"

"ஒன்பது பேரோடதும் காட்டணும். உள்ள என்ன வெச்சிருக்கீங்கன்னு நான் பாக்கணும்."

வேய்ன் கொஞ்சமும் முகம் மாறவில்லை. "தாராளமாப் பாரு. மேயரையும் கூப்பிட்டு வெச்சுக்கிட்டே பாரு."

மேயரம்மா முன்னிலையில் ஒன்பது லேப்டாப்பையும் லைல் குடைந்தார். ஒரு லேப்டாப்பில் மீன்பிடிப் படம் நாலாயிரம் இருந்தது. இன்னொன்றில் விவாகரத்துக் கடிதம் பாதியில் நின்றது. திருட்டு மென்பொருள் என்று ஒரு துரும்புகூட இல்லை.

"பொண்டாட்டி அணி தோக்குதுன்னா வருத்தமாத்தான் இருக்கும்," என்றான் வேய்ன், மேயர் காதில் விழும்படி. "நாங்க தப்பா எடுத்துக்கல."

"லைல்," என்றார் மேயரம்மா, "இன்னொரு தடவை சாட்சியில்லாம யார் மேலயாவது கை நீட்டினா, சர்வரை வேற ஆள்கிட்ட குடுத்துருவேன். உனக்கும் நல்லதில்ல, கொலீனுக்கும் நல்லதில்ல."

அவமானத்தில் லைலுக்குக் காது சிவந்தது. பத்தொன்பது வருடமாக அந்த ஒன்பது பேருக்கும் கண்ணாடி மாதிரி ஐஸ் போட்டுக் கொடுத்த மனிதர் அவர்.

பொறி வைப்பதென்று முடிவு செய்தார். கடைசி வாரம், புதன்கிழமை. கொலீனிடம்கூட மூச்சு விடவில்லை. அறையை உள்ளே தாழ் போட்டார். காவலர் பார்வையில், சுற்றிலும் குகையோ வழியோ இல்லாத கெட்டிப் பாறைக்கு நடுவே ஏழு வைரத்தைப் புதைத்தார். இயற்கையில் அந்த ஆழத்தில் வைரமே கிடையாது. சுவருக்குள் பார்க்கிறவனைத் தவிர எவனும் அங்கே நேராக வர மாட்டான். இடத்தைக் குறித்து, 'இந்த ஏழில் முதலில் கை வைப்பவரே கள்ளர்' என்று எழுதி உறையில் போட்டு ஒட்டி, மேயரம்மாவிடம் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பிரிங்க. அதுல மாட்டினது யாரா இருந்தாலும் சரி."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

நடைபாதையில் கேன்டீன் பெர்னிஸ் குப்பைப் பையோடு எதிரே வந்தார். "ஏம்ப்பா லைல், இந்தக் குளிருக்கு வியாபாரம் சக்கைபோடு போடுது தெரியுமா. உருளைக்கிழங்கு மூட்டை மூட்டையாத் தீருது. எல்லாம் உன் புண்ணியம்."

சர்வரால் ஊருக்கே கொண்டாட்டம், தனக்குத்தான் திண்டாட்டம் என்று நினைத்துக்கொண்டு லைல் தலையாட்டிவிட்டுப் போனார்.

வியாழன் காலை லைல் திரையைப் பார்த்தார். வேய்னின் சுரங்கம் பொறியை நோக்கி நேராக வந்திருந்தது. மூன்று பிளாக் பாக்கி இருக்கும்போது அது வலது பக்கம் வளைந்து, சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் இருந்த வேறொரு வைரத்துக்குப் போயிருந்தது. இன்னும் மூன்று பேர் அந்தப் பக்கம் வந்திருந்தார்கள். அவர்களும் அப்படியே, கோயில் குளத்தைச் சுற்றுவது போல ஒதுங்கிப் போயிருந்தார்கள்.

லைல் நாற்காலியில் சாய்ந்தார். சுவருக்குள் பார்க்கிறவன் ஏழு வைரத்தை விடுவானா? விட மாட்டான். அப்படியென்றால் வேய்ன் பார்க்கவில்லை. அதிர்ஷ்டக்காரன், அவ்வளவுதான். குளிர்காலம் முழுக்க ஒரு நேர்மையான மனிதனைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அவருக்கு நிஜமாகவே வலித்தது.

மதியம் வேய்னைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மன்னிச்சிருடா. தப்பு என் மேலதான்."

"விடுடா," என்றான் வேய்ன். மோவாயில் கிரேவி ஒட்டியிருந்தது. "சந்தேகம் யாருக்கும் வர்றதுதான்." சொல்லிவிட்டு என்னவோ இருமல் வந்து திரும்பிக்கொண்டான். முதுகு வெகுநேரம் குலுங்கியது.

அன்று மாலை லைல் சூப் கிண்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையிலிருந்து கொலீனின் குரல் வந்தது. நவம்பரிலிருந்து கேட்காத குரல்.

"லைல். இங்க வாயேன். ஏழு."

"என்ன ஏழு?"

"ஒரே எடத்துல ஏழு வைரம். இந்த ஆழத்துல இருக்கவே இருக்காதுன்னு ஐவி சொன்னா. என் வரிசை அந்த வழியா வந்துச்சு, நான் விடல, தோண்டினேன். நாங்க நாலு வைரம் முன்னாடி வந்துட்டோம். லைல், சனிக்கிழமை எங்களுக்குத்தான்."

கண் கலங்கியிருந்தது கொலீனுக்கு. லைல் கரண்டியோடு மேசைக்கு வந்தார்.

"தோண்டினது எப்படி? நேராவா வந்த?"

"என் வரிசைல வந்தேன். அது எப்பவும் நேர்தான். ஏன்?"

ஏன் என்று லைல் சொன்னார். உறையைப் பற்றியும் சொன்னார். கொலீன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தார். அஞ்சு மாதத்து டிக்குகள். கடைசிப் பக்கத்தில் மை இன்னும் காயவில்லை.

"இதப் பாத்துட்டுச் சொல்லு. நான் திருடியா?"

"நான் நம்பறேன் கொலீன். ஆனா மேயர் உறைய நம்புவாங்க. யாரா இருந்தாலும்னு நானே சொல்லிட்டேன்."

"நாலு திருடன் தாண்டிப் போயிட்டான். உன் பொறில நான் விழுந்தேன்," என்றார் கொலீன். "ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு எந்திரிச்சு எந்திரிச்சு எனக்கு வயசாயிடுச்சு லைல்." கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். நோட்டை மூடிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். சூப்பை யாரும் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை லைலுக்குச் சாண்ட்விச் கட்டித் தர ஆள் இல்லை. வழக்கமாகத் திரைக்கு முன்னால்தான் சாப்பிடுவார். இன்று அந்த நீலக் கற்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆட்டத்தை மூடிவிட்டு, பன்னிரண்டு மணிக்கு, இந்தக் குளிர்காலத்திலேயே முதல் தடவையாகக் கேன்டீனுக்குப் போனார்.

ஒன்பது பேரும் இருந்தார்கள். லேப்டாப் திறந்திருந்தது. யாரும் தோண்டவில்லை, கல்லாவுக்கு மேலே டிவியில் ஓடிய ஐஸ் அட்டவணையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'சனி மாலை 7' என்ற வரி மேலே ஏறிப் போயிற்று. லைலைக் கண்டதும் பேச்சு நின்றது. வேய்ன் எழுந்து லைலின் தோளைத் தட்டிவிட்டுப் போனான். இன்னொருவன் எழுந்தான். ஐந்து நிமிடத்தில் மேசை காலி. தன் துக்கத்தைப் பார்க்கச் சகிக்காமல் நாகரிகமாகப் போகிறார்கள் என்று நினைத்து லைல் நெகிழ்ந்துபோனார். நாலு மணிக்கு உறை பிரிப்பார்கள். கொலீன் பேர் ஊர் முன்னால் வாசிக்கப்படும். இதற்குப் பிறகு வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

பெர்னிஸ் வறுவல் தட்டை அவர் முன்னால் வைத்தார். காலியான மேசைகளைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"ஏம்ப்பா லைல், இதத் தின்னுட்டு சீக்கிரம் உன் ரூமுக்குப் போயிடு. நீ அங்க உக்காந்தாத்தான் இந்த டிவில அந்தக் கண்ணாடிச் செவுரும் நீலக் கல்லும் தெரியுது; நீ எந்திரிச்சு வந்துட்டா வெறும் அட்டவணைதான் ஓடுது, ஒருத்தனும் உக்காந்து சாப்பிட மாட்டேங்கிறான்."