மோசமாகப் போட்டோ எடுப்பது எப்படி?

இனி ஒரு போட்டோ கூட உருப்படியாக எடுத்துவிடக் கூடாது. லிஃப்ட் மெக்கானிக் இப்படி ஒரு சபதம் எடுத்தார்.

ஆறு நாளும் ஊரார் லிஃப்டுகளோடு ஏறி இறங்குகிற மனுஷன். ஏழாம் நாளாவது சோபாவில் கிடைமட்டமாகக் கிடக்க ஆசைப்பட்டார். பேராசை ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டம்மா துணிப்பை தைத்து, போனிலேயே படம் காட்டி விற்கத் தொடங்கியதிலிருந்து, ஞாயிறு என்பது பைகளைப் படம் பிடிக்கும் கிழமையாகிவிட்டது. பிடிப்பவர் அவர். சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது.

முடியாது என்று சொல்லிவிடலாமே என்பீர்கள். கல்யாணமானவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வேலை தெரியாதவனிடம் யார் வேலை சொல்வார்கள்? அதுதான் திட்டம். ஆனால் கெட்ட போட்டோ எடுக்கவும் படிப்பு வேண்டியிருந்தது. வாரம் முழுக்க, மாட்டிக்கொண்ட லிஃப்டுகளின் உச்சியில் உட்கார்ந்து, நல்ல படம் எடுப்பது எப்படி என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தார். ஞாயிறு காலை, படித்ததையெல்லாம் தலைகீழாகச் செய்தார்.

லென்ஸைத் துடை என்றார்கள். கிரீஸ் விரலால் தடவினார். வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும் என்றார்கள். ஜன்னலிலேயே பையைத் தொங்கவிட்டு எடுத்தார். பை கரிக்கட்டையாக வந்தது. ஜூம் பண்ணாதே, கிட்டே போ என்றார்கள். அடுக்களையில் நின்றபடி ஹாலில் கிடந்த பையை ஜூமிலேயே இழுத்தார். பின்னணி முக்கியம் என்றார்கள். பின்னணியில் தன் ஜட்டி காயும்படி பார்த்துக்கொண்டார்.

வீட்டம்மா நம்பி எல்லாவற்றையும் வாடிக்கையாளர் குரூப்பில் போட்டுவிட்டாள். அப்புறம்தான் பார்த்தாள்.

"ஏங்க, இது பையா பேயா?"

"எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதாம்மா. கை வேற நடுங்குது."

"உங்க ஜட்டி மட்டும் பளிச்சுனு வந்திருக்கு. ஒருத்தங்க விலை கேட்டிருக்காங்க."

"பைக்கா?"

"ஜட்டிக்கு."

இதோ வருகிறது இடி என்று அவர் குனிந்துகொண்டார். இடி வரவில்லை. பெருமூச்சுதான் வந்தது.

"பாவம், உங்கள ஏன் கஷ்டப்படுத்தணும்? இனிமே நீங்க எடுக்க வேணாம்."

மெக்கானிக்கின் மனசு நிற்காமல் மொட்டை மாடி வரை போனது.

"என் தம்பி எடுக்கட்டும். புது போன் வாங்கியிருக்கான், பின்னாடி மூணு கண்ணு. ஞாயித்துக்கிழமை காலையில வந்தான்னா சாயங்காலம் வரைக்கும் இருந்து எடுத்துக் குடுப்பான்."

கயிறு அறுந்தது.

மச்சினன் வந்தால் சோபா அவனுடையது. ரிமோட்டும் அவனுடையது. "லிஃப்ட்ல என்ன மாமா பெரிய வேலை? ஒரு பட்டன்தானே?" என்று கேட்டுவிட்டு, பதில் முடிவதற்குள் குறட்டை விடுவான்.

"எதுக்கும்மா? அவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

"அவனுக்கு என்ன வேலை இருக்கு?"

அதுவும் நியாயம்தான்.

"சரி சரி, போனக் குடு. இன்னொரு தடவை எடுத்துப் பாக்கறேன்."

"கை நடுங்குதுன்னீங்களே?"

"அது காலையில!"

கிரீஸ் போக லென்ஸைத் துடைத்தார். சுவரில் வெள்ளைப் பெட்ஷீட்டைக் கட்டினார். சப்பையாகக் கிடந்த பைகளுக்குள் பழைய துணியைத் திணித்து வயிறு வர வைத்தார். முழங்கைகளை விலாவில் ஒட்டி, மூச்சைப் பிடித்து எடுத்தார். கைப்பிடித் தையலைக் கிட்டத்தில் பிடிக்க, ஆசைப்பட்டபடியே கிடைமட்டமாகவும் கிடந்தார். சோபாவில் அல்ல, தரையில், வயிறு தேய. எரிச்சல் தலைக்கேறியது. படங்கள் மட்டும் அழகழகாக வந்து தொலைத்தன.

எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். "அடேயப்பா! இவ்ளோ நல்லா எடுப்பீங்களாண்ணே? அடுத்த ஞாயிறு நான் தைச்சு விக்கிற தலையணை உறையையும் எடுத்துக் குடுத்துடுங்க."

"அதுக்கென்னக்கா, எடுப்பாரு," என்றாள் வீட்டம்மா.

சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். போகட்டும், மச்சினனைவிடத் தலையணை உறை மேல். அதுவாவது பேசாது. வேர்த்து விறுவிறுத்துப் போனை நீட்டினார்.

"போதுமா? இப்பவே உன் தம்பியக் கூப்பிட்டு, வர வேணாம்னு சொல்லிடு."

வீட்டம்மா ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். தலை நிமிரவே இல்லை.

"எதுக்குங்க சொல்லணும்? அவன நான் வரச் சொல்லவே இல்லையே!"