பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு சத்தம்

"இப்பக் கேக்குதா?" என்றார் மரக்கடைக்காரர்.

பாம்புச்செவி பிக்கப் வண்டியின் பின் சீட்டில் ஒருக்களித்துக் கிடந்தார். தலை சீட்டுக்கும் கேபின் சுவருக்கும் நடுவே மாட்டியிருந்தது. கால் இரண்டும் கதவுக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டிருந்தன. ஒரு ஜாக்கியும் பழைய துணியும் வைக்க மட்டுமே இடமுள்ள அந்தச் சந்தில்தான், போன வாரம் படாத பாடுபட்டு இரண்டு சப் ஊஃபர்களை அவர் பொருத்தியிருந்தார். பாட்டுப் போட்டால் முதுகு அதிர்ந்தது. அதில் குறையில்லை. பாட்டை நிறுத்தினால்தான் பிரச்சினை. கொய்ங் என்று மெல்லிசாக ஒரு சத்தம் வருகிறதாம்.

பாம்புச்செவிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்குதுங்க," என்றார்.

எல்லா வினையும் இந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது.

அவருக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. வண்டிகளுக்கு ஸ்பீக்கர் மாட்டும் அந்தக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் தலைமை ஃபிட்டர். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே, "இடது கதவு, கீழ் ஸ்க்ரூ லூஸ்," என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். அவர் பெயரைச் சொல்லித்தான் கடைக்கு ஆள் வந்தது.

இரண்டு மாதம் முன்பு காதைச் சோதிக்கப் போனார். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அவரும் சமர்த்தாகக் காத்திருந்தார். எப்போது ஆரம்பிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் கதவைத் திறந்து, "முடிஞ்சுதுங்க. பாதிக்கு மேல பட்டனையே நீங்க தொடலையே?" என்றாள்.

பேச்சு கேட்கும், தடதடப்பு கேட்கும், கீச்சுச் சத்தங்கள் மட்டும் போனது போனதுதான் என்றார் டாக்டர்.

"கொசு ரீங்காரமும் கேக்காதாமா? நிம்மதியாத் தூங்குங்க," என்றாள் மனைவி. பிறகு சமையலறைக்குப் போய்க் கொஞ்சநேரம் வெளியே வரவில்லை.

"என் தம்பிகிட்டச் சொல்லிடுங்களேன்," என்றாள் மறுநாள்.

"உன் தம்பியாப் போனதாலதான் சொல்லல."

கடை முதலாளி வேறு யாருமில்லை, அந்தத் தம்பிதான். நல்ல பையன். ஆனால் வியாபாரம் என்று வந்தால் அவனுக்கு உறவு முறையெல்லாம் மறந்துபோகும். கடையில் இருந்த இன்னொரு ஃபிட்டருக்குக் காது மந்தமானதும் சீட் கவர் தைக்கும் பக்கம் உட்காரவைத்துவிட்டான். எல்லாரும் அவரிடம் கத்திப் பேசுவார்கள். யார் எதைச் சொன்னாலும் அவர் சிரிப்பார். திட்டினாலும் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பாம்புச்செவி அந்தப் பக்கம் போகமாட்டார்.

அதனால்தான், "கேக்குதுங்க."

மரக்கடைக்காரர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "நிஜமாவா?"

"லேசா. கொய்ங்னு."

மரக்கடைக்காரர் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மரத்தூள் ஏறிக் காய்த்துப்போன கை. "மாஸ்டர், வீட்ல சொன்னா பிரமைங்கறாங்க. என் கடையில சொன்னா சிரிக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் கேக்குதுன்னு சொல்லியிருக்கீங்க."

பாவம், அவர் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷம் மரம் அறுக்கும் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றவர். எதிரில் இருப்பவரிடமும் அடுத்த தெருவில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோலத்தான் பேசுவார். பாம்புச்செவிக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

கத்தல் கேட்டு முதலாளி வந்தான். "என்ன மாமா?"

"லேசா ஒரு சத்தம், மாப்ளே."

முதலாளி தலையை உள்ளே விட்டான். கண்ணை மூடினான். நெற்றியைச் சுருக்கினான். "ஆமா, இருக்கு. மாமாவுக்குக் கேட்டா இல்லாமப் போயிடுமா? எனக்கே கேக்குதே."

நாள் முழுக்கக் காதில் செல்போனை ஒட்டிக்கொண்டு திரிகிற இவனுக்கே கேட்கிறதா என்று பாம்புச்செவி நொந்துபோனார்.

கொய்ங் என்றால் எர்த் கோளாறாக இருக்கலாம். பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிகிற இடமாகப் பார்த்து எர்த் ஒயரை மாற்றி முடுக்கினார். மரக்கடைக்காரர் இன்ஜினை ஓடவிட்டுக் காதைத் தீட்டினார்.

"கொறைஞ்ச மாதிரிதான் இருக்கு மாஸ்டர்."

மூன்றாம் நாள் காலை கடை திறக்கும்போதே வண்டி வாசலில் நின்றது.

"கொறையல மாஸ்டர். வீட்டு வாசல்ல நிறுத்தி இன்ஜினை அணைச்சதும் நல்லாவே கேக்குது."

"அணைச்ச பிறகா?"

"அணைச்ச பிறகுதான்!"

அணைத்த பிறகு எப்படி வரும்? ஆம்ப்ளிஃபயர் அணையாமல் நிற்கிறதோ என்னவோ. பாம்புச்செவி கார்ப்பெட்டைப் பிரித்தார். கதவோரப் பட்டியைப் பெயர்த்தார். ஒன்றின் இரைச்சல் மற்றதில் ஏறாதபடி பாட்டு ஒயரை வலது பக்கமும் பேட்டரி ஒயரை இடது பக்கமுமாகப் பிரித்து இழுத்தார். ஆம்ப்ளிஃபயரையும் புதிதாக மாற்றினார். பெயர்த்த பட்டியைத் திரும்ப மாட்டும்போது அதில் இரண்டு கிளிப் உடைந்தது. அன்றிலிருந்து பட்டி கடகடவென்று ஆட ஆரம்பித்தது. அந்தக் கடகடப்பு அவருக்கே நன்றாகக் கேட்டது. கேட்டதில் ஒரு சின்ன சந்தோஷமும் வந்தது.

நான்கு நாள் கழித்து மரக்கடைக்காரர் மறுபடி வந்தார். முகம் வாடியிருந்தது. "கடகடங்குது மாஸ்டர். அது போகட்டும். அந்தச் சத்தம் போகல."

"மாமா, என்னதான் பண்றீங்க?" என்றான் முதலாளி தனியாகக் கூப்பிட்டு. "சத்தம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்க முடியலையா? உங்களுக்கா?"

"வருது, மாப்ளே. இடம்தான் பிடிபடல."

"காது கீது..."

"காதுக்கு என்ன?"

"இல்ல, சும்மா கேட்டேன்." முதலாளி சீட் கவர் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். அங்கிருந்த பழைய ஃபிட்டர் காரணமே இல்லாமல் சிரித்தார்.

பாம்புச்செவி அன்று சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

கண்டுபிடிக்க முடியாத சத்தத்தை அடக்கிவிடலாம் என்று ஒரு யோசனை தோன்றியது. தார் ஷீட் ஒட்டினால் வண்டிக்குள் எந்தச் சத்தமும் நிற்காது. பின் சுவர், தரை, நான்கு கதவு, மேல் கூரை என்று இண்டு இடுக்கு விடாமல் ஒட்டினார். சந்தேகத்துக்குப் பின் சுவரில் இரண்டு அடுக்கு. முட்டி தேய்ந்தது, விரல் கொப்பளித்தது. இப்போது கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடியதுபோல் தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெளியே மழை பெய்வதுகூட உள்ளே தெரியவில்லை. ஆனால் இரண்டடுக்கு ஷீட்டும் ஊஃபர் பெட்டியும் சேர்ந்து பின் சீட்டின் முதுகை முன்னால் தள்ளிவிட்டன. அதில் உட்கார்ந்தவர் யாராயிருந்தாலும் குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

"எங்க வீட்டம்மா பின்னாடிதான் உட்காருவா," என்றார் மரக்கடைக்காரர் கவலையோடு. "முன்னாடி உட்கார்ந்தா நான் பேசறது அவ மண்டையைப் பொளக்குதாம்."

"முதல்ல சத்தத்தைப் பாருங்க சார். சீட்டை அப்புறம் பார்த்துக்கலாம்," என்றான் முதலாளி.

மரக்கடைக்காரர் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நிமிஷம் அந்த முகம் அமைதியாக இருந்தது. பிறகு கோணியது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஐயோ மாஸ்டர், இப்பத்தான் பயங்கரமாக் கேக்குது! மத்த சத்தமெல்லாம் நின்னுபோய் இது மட்டும் மண்டைக்குள்ள நின்னு கத்துது!"

பாம்புச்செவி உள்ளே ஏறி உட்கார்ந்தார். அவருடைய மூச்சைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அத்தனை நிசப்தத்தில், அத்தனை பெரிய சத்தமாம். தனக்கு மட்டும் கேட்கவில்லையாம். செத்துவிடலாம் போலிருந்தது.

"கேக்குதா மாஸ்டர்?"

"கேக்குதுங்க," என்றார்.

"இனிமே பொறுக்க முடியாது, மாமா," என்றான் முதலாளி. "எல்லாத்தையும் கழட்டுங்க. ஒவ்வொண்ணாக் கழட்டிப் பார்த்தா எதுல வருதுன்னு தெரிஞ்சுடும். இன்னிக்கு முடியலைன்னா..." அவன் பார்வை சீட் கவர் பக்கம் போய்வந்தது.

பின் சீட் முழுசாக வெளியே வந்து சுவரோரம் சாய்ந்தது. ஊஃபர் பெட்டி வந்தது. ஆம்ப்ளிஃபயர் வந்தது. ஒயர்கள் கட்டுக்கட்டாக வந்தன. இரண்டு நாள் ஒட்டிய ஷீட் பிய்ந்து பிய்ந்து வந்தது. கடைசியாகப் பாம்புச்செவி பானட்டைத் திறந்து பேட்டரி டெர்மினல் இரண்டையும் கழற்றினார். இனி அந்த வண்டியில் ஹாரன்கூட அடிக்காது.

முதலாளி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினான். சீட் இல்லாத வெறும் தரையில் மூன்று பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். மழையும் அப்போது பார்த்துச் சத்தமில்லாத தூறலாகியிருந்தது.

மரக்கடைக்காரர் கண்ணை மூடினார். "கேக்குது," என்றார்.

முதலாளியும் கண்ணை மூடினான். மூடியபடியே மெதுவாகத் தலையாட்டினான். "கேக்குது சார். முன்னைக்கு இப்ப ஜாஸ்தி."

பாம்புச்செவி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். உயிரில்லாத தகரம் கத்துகிறது, அதுவும் ஊருக்கெல்லாம் கேட்கிறது. டாக்டர் சொன்னது பாதிதான். மிச்சத்தைத் தன் மனசு தாங்காது என்று மறைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷம் சோறு போட்ட காது இன்றோடு முடிந்துவிட்டது.

"மாப்ளே, எனக்குக் கேக்கல."

"என்னது?"

"முதல் நாள்லேருந்தே கேக்கல. டாக்டர் ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லிட்டார். உங்க அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது." சொல்லச் சொல்லக் கண்ணீர் வந்துவிட்டது. கிரீஸ் கையால் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பானது.

முதலாளிக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "அப்ப அன்னிக்குக் கேக்குதுன்னீங்களே, மாமா? நீங்க சொன்னதாலதானே..." என்று ஆரம்பித்துப் பாதியில் மென்று விழுங்கினான். அவன் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. பிறகு, கடை மொத்தமும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, "நாளையிலேருந்து சீட் கவர் பக்கம் உட்காருங்க மாமா! சீட் கவர்!" என்று கத்தினான்.

அதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டான். பாம்புச்செவி என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார்.

மரக்கடைக்காரர் ஏதோ சொன்னார். முதல் தடவையாக அவர் மெதுவாகப் பேசியதால் பாம்புச்செவிக்குச் சரியாகக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "நீங்களும் பொய்தானா மாஸ்டர்?"

அந்த நேரம் பார்த்து, பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே ஒரு குடை நுழைந்தது. பின்னாலேயே குனிந்துகொண்டு ஓர் அம்மாள் வந்தார். மரக்கடைக்காரரின் வீட்டம்மாதான். புடவைக் கரையெல்லாம் சேறு.

"பத்து நாளாப் பாதி நேரம் நடைதான்," என்றார் அவர். "வண்டி கடையில இருக்கு, கடையில இருக்குங்கறாரு. அப்படி என்னதான் வேலை? எங்க என் சீட்டு?"

முதலாளி சுவரோரத்தைக் காட்டினான். "மன்னிச்சுக்கோங்கம்மா. ஊஃபர் மாட்டினதுலேருந்து வண்டியில கொய்ங்னு ஒரு சத்தம் வருதுன்னு சார் சொன்னாரு. எதைக் கழட்டினாலும் நிக்கல."

அம்மாள் குடையை மடக்கினார். கழற்றிப் போட்ட பெட்டியையும், ஒயர்க் குவியலையும், வண்டிக்குள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த கணவரையும், கறுப்பு முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்த பாம்புச்செவியையும் ஒருமுறை பார்த்தார். பிறகு சுவரோரம் சாய்ந்திருந்த தன் சீட்டில் போய் உட்கார்ந்து, ஒரு பெருமூச்சு விட்டார்.

"அந்தக் கொய்ங்கா? எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லைங்க. ஆனா அதுக்காக மூணு வருஷத்துல ரெண்டு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ், ரெண்டு வீடு மாத்திட்டோம்."