ஃபோர்வீல் அண்ணாத்தேயின் நான்கு எலுமிச்சம்பழங்கள்

ஆவடி முதல் பூந்தமல்லி வரை சல்லடை போட்டுத் தேடினாலும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேனை ஓடாமல் செய்ய மூன்று மாதம் உழைத்த மனிதர் எங்கள் ஃபோர்வீல் அண்ணாத்தே ஒருவர்தான்.

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெரு, மழை வந்தால் சேறு. அண்ணாத்தே தன் பழைய வேனில் எங்களைக் காலேஜுக்கு ஏற்றிப்போவார். பின்சக்கரங்கள் மட்டுமே தள்ளும் வண்டி. அது புதைந்தால் நாங்கள் இறங்கித் தள்ளுவோம். ஒருநாள் அவருக்கு ஞானம் பிறந்தது: முன்சக்கரங்களும் சேர்ந்து இழுத்தால்? காயலான் கடையில் கிடந்த பிக்கப் வண்டியின் முன் அச்சையும் கியர் பெட்டியையும் வாங்கிவந்தார். அதன்பின் அவர் எங்களுக்கு வேனுக்கு அடியிலிருந்து நீளும் இரண்டு கால்கள் மட்டுமே. சாப்பாடு ஆறுகிறது என்று அவர் மனைவி அந்தக் கால்களிடம்தான் சொல்வார்.

எனக்கு வேறு கவலை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் செமஸ்டரில் ஒரு பரீட்சை தவறினாலும் உதவித்தொகை நின்றுவிடும். படிப்பும் அதோடு சரி. மழையோ விடுவதாக இல்லை. வேன் என்னவாயிற்று என்று கேட்டால் கால்கள் பதில் சொல்லும்: "நீ படி பாப்பா. உன்னிய காலேஜ் வாசல்ல எறக்கி உடறது என் வேல."

கணக்குப் பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு வெள்ளோட்டம். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, கியரைப் போட்டார். வேன் உறுமியது, குலுங்கியது, நின்ற இடத்திலேயே நின்றது. பின்னால் இரண்டு பழங்களும் கூழ். முன்னால் இரண்டும் நசுங்காமல் தெறித்தன. ஒன்று என் அம்மாவின் மடியில் விழுந்தது.

நான் குனிந்து பார்த்தேன். "அண்ணா, முன் வீல் ரெண்டும் ரிவர்ஸ்ல சுத்துது."

இன்ஜினில் இடிக்கிறதே என்று முன் அச்சைத் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறார் மனிதர். சொன்னதும் துளிகூட வெட்கப்படவில்லை. என் அம்மாவிடம் திரும்பி, "படிச்ச புள்ள கண்ண பாத்தியாக்கா?" என்றார், ஏதோ அவரே என்னைப் படிக்கவைத்தது போல.

அச்சை நேராக்க இடம் போதவில்லை. வேனையே ஓரடி உயர்த்திவிட்டார். ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

பரீட்சை நாள் காலை தெருவில் முழங்காலளவு தண்ணீர். ஆட்டோக்காரர்கள் கும்பிடு போட்டுவிட்டார்கள். நான் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தேன். வேன் எருமை போல நிதானமாக நடந்தது. ஒரு பள்ளத்தில் பின்சக்கரங்கள் வழுக்கின. எனக்கு உயிரே போயிற்று. முன்சக்கரங்கள் பிடித்து இழுத்துவிட்டன. நெமிலிச்சேரி தாண்டி மேட்டு ரோடு ஏறியதும்தான் இருவரும் மூச்சு விட்டோம். காலேஜ் வாசலில் ஸ்டூல் போட்டு, கல்யாணப் பெண்ணைப் போல என்னை இறக்கிவிட்டார். மணியடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

போன மாதம் என் சம்பளத்தில் ஒரு சின்ன கார் எடுத்தேன். கூப்பிடாமலேயே நான்கு பழங்களோடு வந்தார். நான் காரைப் பழங்கள்மேல் ஏற்றி நிறுத்தியதும், புதுச் சட்டையோடு காருக்கு அடியில் படுத்தேவிட்டார்.

கால்களிடமிருந்து குரல் வந்தது: "நாலும் நசுங்கிகீது. இனிமே எங்க வோணா போ பாப்பா."

வெளியே நீண்டிருந்த அந்தக் கால்களை அப்படியே தொட்டுக் கும்பிட்டேன்.