தலைவர் என்றால் எந்தத் தலைவர்?

பான், ஜேர்மனி,
ஞாயிறு

அன்புத் தங்கை புஸ்பவதிக்கு,

நான் நலம். நீயும் ரொறன்ரோவும் நலமென எண்ணுகிறேன். உன் முழங்காலைப் பற்றி எழுதிய பக்கங்கள் அனைத்தையும் வாசித்துவிட்டேன். ஆகவே மறுபடி எழுதவேண்டாம். யூலையில் உன் எழுபதாவது பிறந்தநாளுக்குக் கட்டாயம் வருவேன். இனி எந்தச் சங்கத்திலும் பதவி ஏற்பதில்லை என்று, கற்பூரத்தை அணைக்கச் சொல்லி நீ வாங்கிய சத்தியமும் மறக்கவில்லை. நேற்று அதற்கு வந்த சோதனையைக் கேள்.

எங்கள் முதியோர் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம். தலைவர் தெரிவுக்கு முன் சபை உறங்கிவிடாதிருக்க, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை என்ற குற்றத்துக்காக என்னைப் பேச அழைத்தார்கள். அமெரிக்காவின் தியோடோர் ரூஸ்வெல்ட்டை எடுத்துக்கொண்டேன். பெருமுதலாளிகளை அடக்கியவர், காடுகளைக் காத்தவர், கட்டிவைத்த கரடியைச் சுட மறுத்துக் குழந்தைகளுக்கெல்லாம் கரடிப்பொம்மை கிடைக்கக் காரணமானவர். யாரையும் கடிக்காத விடயம் என்றே நம்பினேன். ஆனால் 'ஜனாதிபதி' என்ற வடசொல்லை நான் வாயில் வைப்பதில்லை என்பது உனக்குத் தெரியுமே. பேச்சு முழுவதும் 'தலைவர்' என்றே சொன்னேன்.

அங்கேதான் சனி பிடித்தது. பதவியை விட்டு ஓராண்டாகியும் எல்லோரும் இன்னும் தலைவர் என்றே அழைக்கும் கனகலிங்கம், பல்வைத்தியரிடம் நேரம் குறித்திருந்த ரேர்மின் முடித்து, வீங்கிய கன்னத்தோடு உள்ளே வந்த வேளையில் நான், "இனி நிற்கமாட்டேன் என்று ஊரறிய வாக்களித்த தலைவர், நண்பரை நாற்காலியில் இருத்தினார், பிறகு பொறுக்கமாட்டாமல் அந்த நண்பரையே எதிர்த்து நின்றார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தாமும் அப்படியே வாக்களித்து விலகி, தலைவர் நாற்காலியில் இருத்திய யோகலிங்கத்தை எதிர்த்து அவர் அன்று காலைதான் போட்டியை அறிவித்திருந்தாராம். சத்தியமாக நான் அறியேன். சபை முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது.

"அக்கா, நான் பல்லுப் பிடுங்கப் போன நேரம் பாத்து என்ரை மானத்தைப் பிடுங்கிறியளோ?"

"தம்பி, நான் ரூஸ்வெல்ட்டைச் சொல்லுறன்."

"அவர் ஆர்? டுசல்டோர்ஃப் சங்கமோ?"

கதையை மாற்ற எண்ணி, தலைவரை ஒருவன் நெஞ்சில் சுட்ட செய்திக்குத் தாவினேன். சட்டைப்பையில் மடித்திருந்த தடித்த பேச்சுத்தாள் குண்டின் வேகத்தைத் தணித்தது, இரத்தம் கசியக் கசியத் தலைவர் பேச்சை நிறுத்தவில்லை என்றதும் யோகலிங்கம் கனகலிங்கத்தைச் சுட்டிக்காட்டித் துள்ளி எழுந்தார்.

"எங்கட தலைவற்ற பேச்சைப் பீரங்கியாலையும் துளைக்க ஏலாது!"

சிரிப்பில் ஒருவருடைய பல்செட் மடியில் விழுந்தது, வடைத்தட்டு கவிழ்ந்தது, கனகலிங்கம் கன்னத்தைப் பிடித்தபடி என்னவோ கத்தினார், மரத்துப்போன வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது. நான் அவசரமாக, "இருவர் சண்டையில் வாக்குப் பிரிந்து, மூன்றாமவரான முன்னாள் பேராசிரியர் வென்றார்" என்று முடித்தேனோ இல்லையோ, யோகலிங்கத்தின் மனைவியே எழுந்து, "அப்ப எங்கட கமலநாயகி ரீச்சர்தான் தலைவர்!" என்று கூவினாள். முப்பத்தெட்டு வருடம் அவருக்குச் சமைத்தவள், அவரை அறியாதவளா? எல்லோரும் கைதட்டிவிட்டார்கள், அடியே! நான் அசையவில்லை. தங்கைக்குக் கொடுத்த சத்தியம் பெரிது என்று சொல்லி, சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு வெளியேறினேன்.

ஒடியற்கூழுக்கு நண்டு வாங்கி வை. உனக்கும் உன் இரண்டு முழங்கால்களுக்கும் நல்லூரான் துணை.

உன் அக்கா,
கமலநாயகி

பிற்குறிப்பு: உறையை ஒட்டும்போது கனகலிங்கம் வந்தார். "மறுத்தது நல்லது, அக்கா. வயசு போன உங்களாலை இது ஏலாது" என்றார். அந்தக் கணமே பதவியை ஏற்றுக்கொண்டேன். யூலையில் சங்கத்தின் கோடைவிழா, நண்டு வாங்காதே. ஒரு தவணை மட்டுந்தான், புஸ்பம். அதன்பின் நிற்கமாட்டேன் என்று ஊரறிய வாக்களிக்கிறேன்.