சாக்கடை அல்ல, வடிகால்

ஜனக்புரி, புது தில்லி

மதிப்புக்குரிய ஆசிரியர் ராஜவேல் அவர்களுக்கு,

ஜனக்புரி மங்களம் எழுதிக்கொள்வது. முழங்கால் நீங்கலாக நான் நலம். தாங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்; இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

நம் தமிழர் வட்டத்தின் இந்த மாத இதழில் திரு. வேணு எழுதிய எகிப்துப் பயணக் கட்டுரையைப் படித்தேன். முதலில், அது காரூன் ஏரி. நீங்கள் அச்சிட்டிருப்பது போல் கரூர் ஏரி அல்ல. கரூரில் பாலைவனம் எந்தப் பக்கம் இருக்கிறதென்று என் நாத்தனார் ஃபோன் செய்து கேட்கிறாள். அது கிடக்கட்டும். ‘சாக்கடையோரம் திக்குத் தெரியாமல் நின்றிருந்த ஓர் அம்மையாரை இரண்டு மணி நேரம் தேடி மீட்டோம், அவரால் முப்பத்தெட்டுப் பேர் ஏரியைப் பார்க்க முடியாமல் போயிற்று’ என்று எழுதியிருக்கிறாரே, அந்த அம்மையார் நான்தான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சுற்றுலாக் குழு, அறுபத்தைந்து தாண்டிய பெண்கள் இனித் துணையில்லாமல் வரக்கூடாதென்று தீர்மானம் போட்டுவிட்டது. எனக்கு அறுபத்தெட்டு. துணைக்கு ஆளில்லை, தேடும் உத்தேசமும் இல்லை. மார்ச்சில் சமர்கந்து போகும் பயணத்தில் எனக்கு இடம் வேண்டும். ஆகவே நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

ஏரிக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் ஓர் ஓட்டலில் சாப்பிட நிறுத்தினார்கள். நம்மவர்கள் தயிர் கேட்டார்கள். வந்தது தயிர் மாதிரி ஒன்று, அதில் பூண்டு இருந்தது. அதைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. நாலாயிரம் வருடத்துக்கு முன்பே நைல் தண்ணீரை வாய்க்கால் வெட்டிப் பாலைவனப் பள்ளத்துக்குக் கொண்டுவந்து ஊரையே விளைய வைத்த இடம் அது; இவர்கள் பூண்டை எடுத்துக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பாசன அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வரைபடம் பிரதி எடுத்தவள். எங்கள் அலுவலகத்தில் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலுக்கு நீல மை, வயலில் மிஞ்சியதை வெளியே கொண்டுபோகும் வடிகாலுக்குச் சிவப்பு மை. அந்த ஏரி இன்றைக்கு உயிரோடிருப்பது வடிகால் தண்ணீரால்தான். ஓட்டலுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடியது. பேரீச்சை ஓலைத் துணுக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், வடக்கே போயிற்று. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. வயலை அலசி வந்த தண்ணீர் அப்படித்தான் இருக்கும். வேணுவின் மனைவி ராஜத்திடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன், அவள் தலையாட்டினாள். கட்டுரையாளரின் மனைவியே சாட்சி. என் ஃபோன் பஸ்ஸில் சார்ஜில் கிடந்தது.

நாற்பது நிமிடம் நடந்தேன். வடிகால் முடிந்த இடத்தில் ஏரி இருந்தது. இரண்டு பக்கமும் மணல், நடுவில் அவ்வளவு தண்ணீர். ராஜவேல் சார், நான் ஆயிரக்கணக்கான கோடுகள் வரைந்திருக்கிறேன், ஒரு கோட்டின் முடிவுக்குக்கூட நடந்து போய்ப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகை. அதைத்தான் வேணு ‘திக்குத் தெரியாமல்’ என்று எழுதியிருக்கிறார்.

அவர்கள் என்னைக் கடைவீதியில் தேடினார்கள், மசூதி வாசலில் தேடினார்கள், பெட்ரோல் பங்க் கழிப்பறையில் தேடினார்கள். ஏரி பார்க்க வந்தவளை ஏரியில் தேட யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் பஸ் வந்து நின்றது. வேணு மட்டும் இறங்கினார்.

“மாமி, சாக்கடையோரமா என்ன பண்றேள்? எல்லாரும் காத்துண்டிருக்கா. ஜல்தி ஏறுங்கோ.”

“இது சாக்கடை இல்லே வேணு, வடிகால்.”

“அச்சா, வடிகால். ஏறுங்கோ.”

பத்தடி பின்னால் ஏரி. முப்பத்தெட்டுப் பேரும் ஜன்னல் வழியாக என்னையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். இதழின் ஏழாம் பக்கப் படத்தில் என் முதுகுக்குப் பின்னால் வெளுப்பாகத் தெரிகிறதே, அதை வானம் என்று நினைத்திருப்பீர்கள். அதுதான் ஏரி.

ஆகவே அடுத்த இதழில் ‘சாக்கடை’ என்பதை ‘வடிகால்’ என்று திருத்தி, என் பெயரைப் போட்டு, வருத்தமும் தெரிவிக்க வேண்டும். தீர்மானத்தைக் குழு வாபஸ் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சமர்கந்துக்குத் தனியாகவே கிளம்பி, உங்களுக்கு முன்னால் அங்கே இருப்பேன்.

தங்கள் வீட்டாருக்கு என் அன்பும், குழந்தைகளுக்கு ஆசியும், வேணுவுக்கு ஒன்றுமில்லை என்பதையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
மங்களம்

பின்குறிப்பு: இதை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி மாடிவீட்டு வைஷ்ணவியிடம் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. நானே வாசித்துக் காட்டினேன். அவள் ஃபோனில் அந்த இடத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, இது கேத்லேர்ந்து, அதான் வயல்லேர்ந்து, வரலை. ஓட்டல் கிச்சனுக்குப் பின்னாடிதான் ஸ்டார்ட் ஆகுது. நாலாதான் இது, பக்கா நாலா” என்கிறாள். நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். நாலா, அதாவது சாக்கடைதான். நாக்கில் வைத்துப் பார்த்த செய்தியை மட்டும் தயவுசெய்து அச்சிட வேண்டாம். வேணுவின் சொல் அப்படியே இருக்கட்டும், வருத்தமும் வேண்டாம். ஆனால் அந்தச் சாக்கடையும் ஏரியில்தான் போய் விழுகிறது. ‘மீட்டோம்’ என்பதை மட்டும் எடுத்துவிட்டு, ‘எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்’ என்று போடுங்கள்.