அடிக்குரலும் பாதித் தேங்காயும்

ம்ம்ம்ம்ம்...

ஐஸ் உறையவைக்கும் கொம்பிறசர் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அது நின்றுபோயிருந்தது. ஐஸ் தொழிற்சாலையே மூச்சில்லாமல் கிடந்தது. மறுபடியும் ம்ம்ம்ம்ம். இரவு வேலை முடிந்து சைக்கிளை எடுத்தேன். சத்தமும் கூடவே வந்தது. எங்கள் ஊர் நாவற்குடாவுக்குத் திரும்பும்போதுதான் பிடிபட்டது. அது என் தொண்டை!

இந்த வயதில் ஒரு மனிதனுக்குத் திடீரென்று அடிக்குரல் கிடைத்தால் அவன் என்ன செய்வான்? நான் ப்ளூஸ் என்ற அமெரிக்கச் சோகப்பாட்டைப் பாடுவதென்று தீர்மானித்தேன்.

நாட்டில் சண்டை முடிந்து அடுத்த வருடம். இருட்டிய பிறகும் வெளியே நிற்கலாம், சிரிக்கலாம், பாடலாம் என்பதே புதினமாக இருந்த காலம். சேர்ச் மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரம் கரோக்கே என்றார்கள்; இசையை மெசின் போடும், பாட்டை நாம் பாட வேண்டும். காத்தான்குடி முகைதீன்பாவா கட்டாரிலிருந்து மெசின் கொண்டுவந்திருந்தார். இரவெல்லாம் ஐஸ் கட்டிகளோடு பேசிக் காலம் கழித்தவனை ஊர் ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

பாட்டு, இரவு வேலையில் றேடியோவில் பிடித்தது. ஆறு கொண்டுபோன வீட்டைப் பற்றி ஒருவன் பாடுவான். ப்ளூஸில் ஒரே வரியை இரண்டு தரம் சொல்வார்கள். மூன்றாவது வரியில்தான் அடி விழும். என் மனைவி டோறா பேசுவதும் இந்த முறையில்தான்.

"மா முடிஞ்சிது, சார்ள்ஸ். மா முடிஞ்சிது. பசிச்சா ஐஸைத் தின்னுங்க."

ஆனால் பாட்டு என் குரலுக்குப் பொருந்துமா? யாரிடமும் சங்கீதம் படிக்காதவன் நான். முறையை நானே கண்டுபிடித்தேன். பாட்டின் ஆக உயர்ந்த இடத்தைப் பிடி. ஆகத் தாழ்ந்த இடத்தைப் பிடி. இரண்டுக்கும் தொண்டை போய்வந்தால் பாட்டு உன்னுடையது. உயரம் சரி. தாழ்வில்தான் சிக்கல். கடைசிச் சொல்லில் குரல் கிணற்றுக்குள் இறங்க வேண்டும்.

விடிய வந்து குசினி அடுப்பருகே நின்று இறக்கிக் காட்டினேன்.

"அரை வாளி குறையுது," என்றாள் டோறா.

சுனாமிக்கு முன் அவள் சேர்ச் பாடகர் குழுவில் முன்வரிசைக்காரி. கடல் வீட்டைக் கொண்டுபோன பிறகு அவள் வாய் திறந்து பாடி நான் கேட்டதில்லை. காது மட்டும் அப்படியே இருந்தது.

"மெசின்ல சுருதிய ஏத்துற குமிழ் இரிக்காம். ஏத்தினா என்ன?"

"ஏத்தினா அது பொம்பிளைப் பாட்டு!"

"அப்படியா?" கொஞ்சம் யோசித்தாள். "மறுகா ஒண்டு செய்யுங்க. துருவலையில குந்துங்க. குனிஞ்சா நெஞ்சு அமரும். நெஞ்சு அமர்ந்தா குரல் இறங்கும்."

"சும்மா குந்தினாப் போதாதா?"

"கை ஓடினாத்தான் மூச்சு ஓடும். இந்தாங்க, தேங்காய்."

குந்தினேன். துருவினேன். பாடினேன். இறங்கியது! கிணற்றின் சேறு வரைக்கும் இறங்கியது!

"டோறா! கேட்டியா?"

"கேட்டன், கேட்டன். மற்றப் பாதியையும் பாடுங்க."

அன்றிலிருந்து விடியல்தோறும் பயிற்சி. வீட்டில் தேங்காய்ப்பால் சொதி, தேங்காய்ச் சம்பல், புட்டு, மறுபடியும் சொதி. பக்கத்து வீட்டு அழகரத்தினம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார்ள்ஸ், கலியாண வீடா?"

"ப்ளூஸ்!" என்றேன்.

"அப்ப நம்மட வீட்டுக்கும் ஒண்டு பாடிவிடு," என்று ஒரு தேங்காயை நீட்டினார். பாடிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை வந்தது. பகல் முழுக்க நித்திரை. தேத்தண்ணி. இஸ்திரி போட்ட சேட். மேடையில் உயர்ந்த இடத்துக்குப் பறந்தே போனேன். கைதட்டல்! கடைசிச் சொல் வந்தது. இறக்கினேன். இறங்கவில்லை. குனிந்தேன். முழங்காலை மடித்தேன். மேடையில் குந்தியே விட்டேன். கை தானாகத் துருவத் தொடங்கியது. தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. மண்டபம் சிரித்தது.

டோறா ஏறி வந்தாள். மைக்கை வாங்கினாள்.

"பாவா நானா, நேத்துச் சொன்ன இடத்துக்குக் குமிழ ஏத்துங்க."

"ஏத்தியாச்சு தங்கச்சி."

பாடினாள். ஆறு கொண்டுபோன வீடு அவள் வாயில் கடல் கொண்டுபோன வீடாயிற்று. சிரித்தவர்கள் சிரிப்பை விழுங்கினார்கள். குந்திய இடத்திலேயே எனக்கும் கண் கலங்கியது. பாட்டு முடிய எல்லோரும் எழும்பி நின்றார்கள். ஊர் என்னையும் பார்த்தது.

"அந்தா, டோறாட மனிசன்!"

இரவு வேலைக்குப் போய், விடிய வந்து குசினியில் நின்றேன்.

"எப்ப பழகினாய்?"

"நீங்க பகல்ல குறட்டை விடக்குள்ள."

"எனக்கு ஏன் இறங்கல்ல?"

"ராவெல்லாம் முழிச்சு, ஐஸுக்குள்ள நிண்டு விடிய வந்தா ஆருக்கும் குரல் இறங்கும். பகல்ல நித்திரை கொண்டு எழும்பினா ஏறிரும். பின்னேரப் பாட்டுக்கு விடியக்குரல அளந்தாச் சரிவருமா?"

"அப்ப துருவலை?"

"அது சம்பலுக்கு."

அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்:

"தேங்காய் கிடக்கு, சார்ள்ஸ். தேங்காய் கிடக்கு."

மூன்றாவது வரிக்கு நான் காத்திருக்கவில்லை. துருவலையை இழுத்துப் போட்டுக் குந்தினேன்.